தென் சீனக் கடல்: ஒரே வரைபடத்தில் அடங்காத சண்டை

தென் சீனக் கடல் பற்றிய செய்தியோடு வரும் வரைபடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீலப் பின்னணி, நடுவில் சிவப்பில் விட்டுவிட்டு ஓடும் ஒரு கோடு, சுற்றிலும் ஐந்தாறு நாட்டுக் கொடிகள், சில தீவுகளின் மேல் விமானச் சின்னம். பார்த்தவுடன் எல்லாம் புரிந்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் அந்தப் படம் நான்கு வெவ்வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. சட்டப்படி யாருக்கு எவ்வளவு கடல் கிடைக்கும்? யார் எவ்வளவு கேட்கிறார்கள்? எந்தத் திட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்த நீரில் அன்றாடம் யாருடைய கப்பல் சுற்றுகிறது? இந்த நான்கையும் தனித்தனியே வரைந்து மேலே மேலே வைத்தால் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தாத இடங்கள்தான் சண்டை நடக்கும் இடங்கள்.

முதலில் அளவுகோல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். 1982இல் உருவாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கரையோரத்தின் தாழ் ஓத நீர்மட்டமே, அதாவது கடல் வற்றி இறங்கும்போதுள்ள மட்டமே, வழக்கமான அடிப்படைக் கோடு. அதிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22.2 கி.மீ., பிராந்தியக் கடல். அங்கே அந்த நாட்டின் இறையாண்மை செல்லும். பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கு செய்யாமல் கடந்துபோகலாம். 200 கடல் மைல் வரை, அதாவது 370.4 கி.மீ., பிரத்யேகப் பொருளாதார மண்டலம். மீன், எண்ணெய், எரிவாயு போன்ற வளங்களின் மீதுதான் அங்கே உரிமை. 'பிலிப்பைன்ஸ் கடல் எல்லைக்குள் சீனக் கப்பல் ஊடுருவியது' என்று செய்தி வந்தால், பத்தில் ஒன்பது முறை அது இந்த 200 மைலைத்தான் குறிக்கும். அங்கே வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஓடுவது சட்ட மீறல் இல்லை. மீன் பிடிப்பதும் துளையிடுவதும் கடற்கரை நாட்டுப் படகை விரட்டுவதும்தான் மீறல்.

அடுத்த கேள்வி, எங்கிருந்து அளப்பது என்பது. இந்தக் கடலின் வழக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. நீரிலிருந்து தலைகாட்டும் நிலத்தை உடன்படிக்கை மூன்றாகப் பிரிக்கிறது. உயர் ஓதத்திலும் மூழ்காமல், மனிதர் வாழவோ சொந்தமாகப் பொருளாதார வாழ்வு நடத்தவோ இடம் தருவது முழுத் தீவு. அதற்கு 200 மைலும் உண்டு. உயர் ஓதத்தில் மூழ்காது, ஆனால் மனிதரைத் தாங்காது என்றால் அது பாறை. 12 மைல் மட்டும். தாழ் ஓதத்தில் மட்டும் தெரிந்து பிறகு மூழ்கிவிடுவது தாழ் ஓதத் திட்டு. அதற்கென்று தனியாக எதுவும் இல்லை. கணக்கில் போட்டுப் பாருங்கள். 12 கடல் மைல் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 1,550 சதுர கி.மீ. 200 கடல் மைல் ஆரமுள்ள வட்டம் சுமார் 4,31,000 சதுர கி.மீ., ஏறக்குறைய 278 மடங்கு. தாழ் ஓதத் திட்டின் மேல் கான்கிரீட் கொட்டிச் செயற்கைத் தீவு கட்டினால், அதைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம்தான் கிடைக்கும். அதுவும் அந்த மண்டலத்துக்கு உரிய நாட்டுக்கு. ஒரு மேசையளவு கல் உயர் ஓதத்தில் நனைகிறதா இல்லையா என்பதற்காக வழக்கறிஞர்கள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இந்த வட்டங்களை வரையும்போதே முதல் தவறு நடந்துவிடும். இணையத்தில் நாம் பார்க்கும் வரைபடங்கள் பெரும்பாலும், உருண்டைப் பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் முறையில் இருப்பவை. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே போகப்போக அதில் தூரம் நீண்டுகொண்டே போகும். 10 பாகை அட்சரேகையில் 1.5 விழுக்காடுதான், கவலையில்லை. ஹைனான் தீவை ஒட்டிய 20 பாகையில் 6 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மென்பொருளில் 370.4 கி.மீ. என்று கொடுத்து அப்படியே வட்டம் போட்டால், அங்கே உண்மையில் விழுவது ஏறக்குறைய 348 கி.மீ. ஆரம்தான். விடுபட்ட 22 கி.மீ. ஒரு முழுப் பிராந்தியக் கடலின் அகலம். புவிப் பரப்பின் வளைவைக் கணக்கில் எடுக்கும் ஜியோடெசிக் முறையில் வட்டம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடல் மைலையும் சாதாரண மைலையும் குழப்புவது இன்னும் மோசம். சாதாரண மைல் 1,609 மீட்டர் என்பதால் 200 மைலில் 48 கி.மீ.க்கு மேல் பறிபோகும்.

திட்டு மூழ்குமா மூழ்காதா என்பதை மாலுமிகளுக்கான கடல் வரைபடத்தில் பார்க்கலாம். ஆழத்தைக் குறிக்கும் எண்கள் தாழ் ஓத மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. அடிக்கோடிட்ட எண் இருந்தால், அந்த இடம் தாழ் ஓதத்தில் அத்தனை மீட்டர் வெளியே தெரியும் என்று பொருள். பிரிட்டிஷ் வரைபடங்களில் இப்படி ஏறி இறங்கும் பகுதிக்குப் பச்சை நிறம். ஆனால் ஒரு நாட்டு வரைபடத்தில் பச்சையாக இருக்கும் திட்டு இன்னொரு நாட்டு வரைபடத்தில் நிலமாக இருக்கும். 'உயர் ஓதம்' என்றால் எந்த உயர் ஓதம், சராசரியா, அமாவாசை பௌர்ணமியின் உச்சமா என்று உடன்படிக்கையும் சொல்லவில்லை.

2016இல் வந்த தீர்ப்பு

2013 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், தி ஹேக் நகரில் அமர்ந்த ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றம் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்புச் சொன்னது. சீனா வழக்கில் கலந்துகொள்ளவும் இல்லை, தீர்ப்பை ஏற்கவும் இல்லை. 'தீவுகள் பிலிப்பைன்ஸுக்கே சொந்தம் என்று தீர்ப்பு வந்தது' என்று இன்றும் எழுதுகிறார்கள்; அது தவறு. எந்தத் தீவு யாருக்கு என்பதை மன்றம் தொடவே இல்லை. அதற்கு அதிகாரமும் கிடையாது. யாருடையதாக இருந்தாலும் அந்தத் திட்டு எவ்வளவு கடலைத் தரும் என்பதைத்தான் அது தீர்மானித்தது.

மன்றத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே சீனா ஏழு திட்டுகளின் மேல் மணலைக் கொட்டி மூடிவிட்டது. இன்றைய செயற்கைக்கோள் படத்தில் தெரிவது ஓடுபாதை. அடியில் இருந்த கல்லை யாரும் பார்க்க முடியாது. இயற்கையாக எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு என்று சொன்ன மன்றம், பழைய ஆவணங்களைத் தோண்டியது. 1860களில் பிரிட்டிஷ் அளவைக் கப்பலான ரைஃபிள்மேன் எடுத்த அளவைகள், பிறகு ஜப்பானியக் கடற்படை எடுத்தவை, மாலுமிகளுக்கான வழிகாட்டிக் குறிப்புகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. முடிவு இரு பக்கமும் வெட்டியது. ஃபியரி கிராஸ், ஜான்சன், குவார்ட்டெரோன் ஆகியவை பாறைகள். தாழ் ஓதத் திட்டுகள் என்று பிலிப்பைன்ஸ் வாதாடிய வடக்கு கேவனும் மெக்கெனனும் பாறைகள்தான் என்று மன்றம் சொன்னது. மிஸ்சீஃப், சுபி, ஹியூஸ், செகண்ட் தாமஸ் ஆகியவை தாழ் ஓதத் திட்டுகள். மிஸ்சீஃபும் செகண்ட் தாமஸும் பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கின்றன.

பலருக்கு அதிர்ச்சி கொடுத்தது இட்டு அபா. தைவான் வசம் இருக்கும் இந்தத் தீவு, கடலின் தெற்குப் பகுதியில் சிதறிக்கிடக்கும் ஸ்ப்ராட்லி கூட்டத்தில் இயற்கையாக அமைந்தவற்றுள் பெரியது, சுமார் 1.4 கி.மீ. நீளம். கிணறு உண்டு, மரங்கள் உண்டு, விமான ஓடுபாதை உண்டு. ஆனாலும் அது பாறை என்றது மன்றம். அரசு சம்பளம் கொடுத்து நிறுத்தும் சிப்பாய்கள் 'மனித வாழ்வு' ஆகமாட்டார்கள். அந்தந்தப் பருவத்தில் வந்து தங்கிப்போன மீனவரும், பறவை எச்ச உரம் வெட்டிச் சென்ற ஜப்பானிய நிறுவனமும் நிலையான சமூகம் இல்லை என்பது அதன் வாதம். அளவுகோல் கடுமையானதுதான். இதே கோலைப் பிடித்தால் உலகின் வேறு பல சின்னஞ்சிறு தீவுகளும் 200 மைலை இழந்துவிடும். சில வல்லரசுகளுக்குச் சொந்தமானவையும் அதில் அடக்கம். ஆனால் இந்த ஒரு முடிவால் வரைபடம் பெருமளவு எளிமையானது. ஸ்ப்ராட்லி கூட்டத்தின் எந்தத் தீவிலிருந்தும் 200 மைல் வட்டம் கிளம்பாது. மீதியிருப்பது ஆங்காங்கே 12 மைல் வட்டங்கள். அவற்றுக்கு வெளியே கரையிலிருந்து அளந்த மண்டலங்கள்.

ஒரு நுணுக்கம் மட்டும் மிச்சம். தாழ் ஓதத் திட்டு, ஒரு பாறையிலிருந்தோ தீவிலிருந்தோ 12 மைலுக்குள் இருந்தால், அந்தப் பாறையின் பிராந்தியக் கடலை வெளியே தள்ளிப்போட அதைப் பயன்படுத்தலாம். சுபி அப்படிப்பட்டது, பக்கத்தில் சாண்டி கே என்ற மணல்திட்டு இருக்கிறது. 2015 அக்டோபரில் அமெரிக்கக் கப்பல் லாசென் சுபியை ஒட்டிப் போனபோது, அது எந்தச் சட்டத் தகுதியில் போனது என்று வல்லுநர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம். வரைபடம் போடுபவர் சுபியைச் சுற்றி வட்டமே போடாமல் விட்டாலும் தவறு, தனி வட்டம் போட்டாலும் தவறு.

ஆயத்தொலைவு இல்லாத கோடு

சிவப்புக் கோட்டுக்கு வருவோம். 1947இல் அன்றைய சீனக் குடியரசு அரசு வரைந்த படத்தில் 11 துண்டுகள் இருந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் 1950களின் தொடக்கத்தில் டோங்கின் வளைகுடாவில் இருந்த இரண்டு துண்டுகள் நீக்கப்பட்டன, மிஞ்சியது ஒன்பது. 2009 மே 6 அன்று மலேசியாவும் வியட்நாமும் கண்டத் திட்டு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலம்) பற்றிய கூட்டு மனுவை ஐ.நா.வில் கொடுத்தன. மறுநாளே சீனா எதிர்ப்புக் குறிப்பை அனுப்பி, அதோடு இந்தப் படத்தை இணைத்தது. 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அதிகாரப்பூர்வ வரைபடத்தில் தைவானுக்குக் கிழக்கே இன்னொரு துண்டும் சேர்ந்து பத்தாக இருந்தது.

இந்தத் துண்டுகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் வெளியிடப்படவில்லை. கோடு தீவுகளைச் சுற்றிப் போட்ட வேலியா, உள்ளே உள்ள நீர் முழுவதற்குமான உரிமையா, மீன்பிடிக்கும் வரலாற்று உரிமை மட்டுமா என்றும் சீனா தெளிவாகச் சொன்னதில்லை. 1947 படத்தையும் 2009 படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் துண்டுகளின் இடமே மாறியிருக்கிறது; பின்னது அண்டை நாட்டுக் கரைகளை இன்னும் நெருங்குகிறது. ஆகவே இந்தத் துண்டுகளை இணைத்துத் தொடர்கோடாகப் போட்டு உள்ளே சாயம் பூசும் எந்த வரைபடமும், சீனாவே சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறது. துண்டுகளைத் துண்டுகளாகவே விட்டு, எந்த ஆண்டுப் படம் என்று ஓரத்தில் எழுதுவதுதான் நேர்மை. தெற்குக் கோடியில் சீனாவின் எல்லைமுனை என்று பள்ளிப் பாடங்களில் வரும் ஜேம்ஸ் ஷோல் என்ற கடலடி மேடு, மலேசியாவின் சரவாக் கரையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், நீருக்கு 22 மீட்டர் அடியில் கிடக்கிறது. அங்கே கொடி நட வேண்டுமென்றால் முக்குளிக்க வேண்டும்.

மற்றவர்களும் உத்தமர்கள் இல்லை. பிலிப்பைன்ஸ் 1978இல் ஒரு பலகோணம் வரைந்து உள்ளே இருப்பதெல்லாம் தனது என்றது. 2009இல் சட்டம் திருத்தி, அந்தத் தீவுகளைத் தீவுகளுக்கான பொது விதிக்குக் கீழே கொண்டுவந்தது. வியட்நாம் 1982இல், கரையின் வளைவைப் பின்பற்றாமல் போட்ட நேர் அடிப்படைக் கோடுகள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போகின்றன. மலேசியா 1979இல் வெளியிட்ட வரைபடத்துக்கு அண்டை நாடுகள் எல்லாம் எதிர்ப்புத் தெரிவித்தன. சீனா 1996இல், கடலின் வடமேற்கில் உள்ள பாராசெல் தீவுக் கூட்டம் முழுவதையும் நேர்கோடுகளால் சுற்றி வளைத்தது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் போன்ற தீவுக்கூட்ட நாடுகளுக்கு மட்டுமே உள்ள அந்த வசதி, கண்டத்து நாடான சீனாவுக்குக் கிடையாது.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்

பாராசெல் முழுவதும் சீனாவிடம். அதன் மேற்குப் பகுதியை 1974 ஜனவரியில் தென் வியட்நாமிடமிருந்து சண்டையிட்டுப் பிடித்தது. ஸ்ப்ராட்லியில் சீனாவிடம் 7, பிலிப்பைன்ஸிடம் 9, மலேசியாவிடம் 5, தைவானிடம் 1. புருனேயிடம் ஒன்றுமில்லை. வியட்நாமுக்குச் சிலர் 21 என்பார்கள், சிலர் 27 என்பார்கள், இரண்டும் சரிதான். வான்கார்ட் பேங்க் போன்ற, எப்போதும் நீருக்கடியிலேயே இருக்கும் ஆறு மேடுகளில் வியட்நாம் 1989 முதல் இரும்புக் கால்களின் மேல் மேடைகள் கட்டி ஆள் வைத்திருக்கிறது. அவற்றைச் சேர்த்தால் 27.

சீனா ஸ்ப்ராட்லிக்குப் பிந்தி வந்தது. 1988 மார்ச் 14 அன்று ஜான்சன் சவுத் ரீஃப் என்ற பவளத் திட்டில் சீனக் கடற்படையுடன் நடந்த மோதலில் 64 வியட்நாமியர் கொல்லப்பட்டனர். 1995இல் மிஸ்சீஃபில் சீனர்கள் கம்பங்களின் மேல் குடில்கள் கட்டியிருப்பதை பிலிப்பைன்ஸ் கண்டது. மீனவர் ஒதுங்கும் இடம் என்று அப்போது சொன்னார்கள். நல்ல தீவுகளை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் சீனாவுக்குக் கிடைத்தவை மூழ்கும் திட்டுகள்தான். 2013 இறுதியிலிருந்து இரண்டே ஆண்டுகளில் சுமார் 3,200 ஏக்கர் நிலத்தை அவற்றின் மேல் உண்டாக்கினார்கள். இதற்கு வெட்டி உறிஞ்சும் தூர்வாரிக் கப்பல்களைப் பயன்படுத்தினார்கள். முனையில் சுழலும் பல்சக்கரம் பவளத்தை உடைக்கும். பம்பு அந்த மணல்சேற்றை உறிஞ்சும். மிதக்கும் குழாய் வழியாக அது திட்டின் மேல் கொட்டும். வேகம் அதிகம், ஆனால் உறிஞ்சிய இடத்துப் பவளம் மொத்தமாகச் செத்துப்போகும். கலங்கிய நீர் பரவி அக்கம்பக்கத்துப் பவளத்தையும் மூச்சுமுட்ட வைக்கும். வியட்நாம் தொடக்கத்தில் கைப்பிடி வாளி போன்ற இயந்திரத்தால் அள்ளிக் கொட்டியது, மெதுவான வேலை. அண்மை ஆண்டுகளில் அதுவும் வெட்டி உறிஞ்சும் முறைக்கு மாறி, பெருமளவு நிலம் உண்டாக்கிவிட்டது. பார்க் கனடா ரீஃப் அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு.

ஃபியரி கிராஸ், சுபி, மிஸ்சீஃப் மூன்றிலும் 2,600 முதல் 3,000 மீட்டர் வரை ஓடுபாதைகள் இருக்கின்றன. போர் வந்தால் இவை நெடுநேரம் தாங்காது, நகராத இலக்குகள். அமைதிக் காலத்தில்தான் இவற்றின் பயன் பெரிது. ஹைனானிலிருந்து 1,000 கி.மீ.க்கு மேல் ஓடிவர வேண்டிய கடலோரக் காவல்படைக் கப்பல், மிஸ்சீஃபில் எரிபொருளும் நீரும் நிரப்பிக்கொண்டு வாரக்கணக்கில் அங்கேயே நிற்கலாம். அதனால், யாருடைய கப்பல் அன்றாடம் சுற்றுகிறது என்ற நான்காவது அடுக்கு மாறியது.

கப்பல்கள்

இந்த அடுக்கை வரைய முதன்மையான கருவி ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி. சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம். ஓடும்போது 2 முதல் 10 நொடிகளுக்கு ஒருமுறை தன் இடம், வேகம், திசையை ஒலிபரப்பும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்பது இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் நாடு. 412, 413, 414 சீனா. 416 தைவான். 548 பிலிப்பைன்ஸ். 574 வியட்நாம். 533 மலேசியா. 525 இந்தோனேசியா. இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். போர்க்கப்பலுக்கு இது கட்டாயமில்லை. காவல்படைக் கப்பல்கள் வேண்டும்போது அணைத்துவிடும். மீன்பிடிக் கப்பல் என்று பதிந்துகொண்டு ஒரு வலைகூட வீசாமல் நிற்கும் கடல் மிலிஷியா (சீன அரசு இயக்கும் துணைப்படை) கப்பல்களும் அப்படியே. சிறிய மரப் படகில் போகும் பிலிப்பைன்ஸ், வியட்நாம் மீனவர்களிடம் கருவியே இல்லாமலிருக்கும். அவர்கள் வரைபடத்திலிருந்து முழுதாகக் காணாமல் போகிறார்கள். ஆகவே ரேடார் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட வேண்டும்: படத்தில் புள்ளி இருந்து ஏ.ஐ.எஸ்.ஸில் இல்லை என்றால் அது 'இருட்டுக் கப்பல்'. இரவில் கணவாய் பிடிக்கும் படகுகளின் வெளிச்சத்தைப் பதியும் செயற்கைக்கோள்களும் உண்டு. 2021 மார்ச்சில் விட்சன் ரீஃபில் சுமார் 220 சீனக் கப்பல்கள் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வரிசையாக நின்றதை உலகுக்குக் காட்டியதில் படங்களின் பங்குதான் பெரிது.

செகண்ட் தாமஸ் ஷோலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலிருந்து சுமார் 105 கடல் மைல்; மிஸ்சீஃபிலிருந்து ஏறக்குறைய 20. 1999இல் பிலிப்பைன்ஸ் தன் சியெரா மாட்ரே என்ற கப்பலை வேண்டுமென்றே இந்தத் திட்டின் மேல் ஏற்றி நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை இறக்க அமெரிக்கா கட்டியது. இன்று துரு தின்று ஓட்டை விழுந்த இரும்புக்கூடு. உள்ளே ஒரு சிறு படைப்பிரிவு. ஆனாலும் கடற்படைப் பதிவேட்டிலிருந்து அதை நீக்கவில்லை. நீக்காத வரை அது அரசுக் கப்பல். அதைத் தாக்கினால் 1951இல் அமெரிக்காவுடன் செய்த பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் உயிர்பெறும். அதனால் சீனா கப்பலைத் தொடுவதில்லை, அதற்குச் சோறு கொண்டுபோகும் படகைத் தடுக்கிறது. கட்டுமானப் பொருள் போகாவிட்டால் துருவே வேலையை முடித்துவிடும் என்பது கணக்கு. 2024 மார்ச்சில் நீர்ப்பீரங்கியால் ஒரு படகின் கண்ணாடி நொறுங்கிப் பணியாளர்கள் காயமடைந்தனர். ஜூன் 17 அன்று கத்தி, கோடரியோடு வந்த சீனக் காவல்படையினர் ரப்பர் படகுகளை மடக்கினர். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் கட்டைவிரலை இழந்தார். ஜூலையில் தற்காலிக ஏற்பாடு ஒன்று உண்டாகி, உணவும் ஆட்களும் போகத் தொடங்கினர். கொடி மட்டும் போடும் வரைபடத்தில் இந்த இடம் பிலிப்பைன்ஸுடையது. கப்பல் நடமாட்டத்தைப் போட்டால், சீன வளையத்துக்கு நடுவே ஒரு புள்ளி.

ஸ்கார்பரோ ஷோல் என்ற திட்டில் நிலைமை தலைகீழ். பிலிப்பைன்ஸின் லூசான் தீவுக் கரையிலிருந்து சுமார் 120 கடல் மைல். 2012 ஏப்ரலில் தொடங்கிய முறுகலுக்குப் பின் சீனக் கப்பல்கள் அங்கேயே தங்கிவிட்டன. கட்டடம் இல்லை, சிப்பாய் இல்லை. இருந்தும் கட்டுப்பாடு சீனாவிடம். அங்கே மீன் பிடிக்கும் பாரம்பரிய உரிமை பிலிப்பைன்ஸ், சீன மீனவர் இருவருக்குமே உண்டு என்று 2016 தீர்ப்பு சொல்லியும், உள் ஏரியின் வாயிலில் 2023 செப்டம்பரில் சுமார் 300 மீட்டர் நீள மிதவைத் தடுப்பு போடப்பட்டது. பிலிப்பைன்ஸ் காவல்படை அதை அறுத்தெறிந்தது. 2025 ஆகஸ்ட் 11 அன்று பிலிப்பைன்ஸ் கப்பலை இரு பக்கமும் விரட்டிய சீனக் காவல்படைக் கப்பலும் சீனப் போர்க்கப்பலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நெருங்கி ஓடி வழிமறிக்கும் இந்த உத்தியின் பெரிய ஆபத்து துப்பாக்கியைவிட இதுதான். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது.

சண்டைக்கு ஏன் காவல்படை, கடற்படை ஏன் இல்லை? வெள்ளைச் சாயம் பூசிய கப்பல் செய்வது 'சட்ட அமலாக்கம்' என்று பெயர் பெறும். சாம்பல் நிறக் கப்பல் அதையே செய்தால் போர். சீனா 2018இல் தன் காவல்படையை ஆயுதக் காவல் படையின் கீழ் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரி முதல் அமலான சட்டம் வெளிநாட்டுக் கப்பல் மீது ஆயுதம் பயன்படுத்த அனுமதிக்கிறது. 2024 ஜூன் விதி, அத்துமீறுவோரை 60 நாள் வரை காவலில் வைக்க வழிசெய்கிறது. எந்த நீர்ப்பரப்புக்கு இந்தச் சட்டம் என்று கேட்டால், 'சீன அதிகார வரம்புக்கு உட்பட்ட நீர்' என்பதுதான் விடை. ஆயத்தொலைவு இல்லாத கோடு இங்கே கைகொடுக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் இதன் விளைவு கண்கூடு. 2014 மே மாதம் சீனா ஒரு ராட்சதத் துளையிடும் மேடையை வியட்நாம் கரையிலிருந்து சுமார் 120 கடல் மைலில் கொண்டுவந்து நிறுத்தியபோது கப்பல்கள் மோதிக்கொண்டன. ஜூலையில் மேடை கிளம்பியது. ஆனால் 2017, 2018இல் ஸ்பெயினின் ரெப்சால் நிறுவனம் துளையிட்டுக்கொண்டிருந்த, துளையிட இருந்த கிணறுகளை வியட்நாமே சீன அழுத்தத்தால் நிறுத்தியது. பிலிப்பைன்ஸின் ரீட் பேங்க் எரிவாயு இன்னும் கடலுக்கடியிலேயே கிடக்கிறது. இந்தியாவும் இதில் உண்டு: ஓ.என்.ஜி.சி. விதேஷ் வியட்நாமிடம் பெற்ற 128ஆம் தொகுதியின் மேலேயே 2012 ஜூனில் சீன நிறுவனம் தன் தொகுதிகளை வரைந்து உலகச் சந்தையில் ஏலத்துக்கு விட்டது. ஒரே கடலடிக்கு இரண்டு ஏல வரைபடங்கள். இன்னொரு பக்கம், 2022இல் சுமார் 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தமாகி 2024 ஏப்ரலில் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேரத் தொடங்கிய பிரமோஸ் ஏவுகணைக்கு 290 கி.மீ. வீச்சு. லூசானின் மேற்குக் கரையில் வைத்து வட்டம் போட்டால் 222 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்கார்பரோ உள்ளே விழும்.

தீர்ந்த கோடுகளையும் வரைபடத்தில் காட்ட வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள். டோங்கின் வளைகுடாவில் சீனாவும் வியட்நாமும் 2000 டிசம்பர் 25 அன்று 21 புள்ளிகளோடு எல்லை வகுத்துக்கொண்டன, 2004இல் அமலுக்கு வந்தது, வியட்நாமுக்கு 53.23 விழுக்காடு. சீனா தன் படத்திலிருந்து இரண்டு துண்டுகளை நீக்கியிருந்த அதே வளைகுடா இது. தீவுச் சண்டை பெரிதாக இல்லாத, துண்டுக் கோடு இல்லாத இடத்தில் பேரம் படிகிறது. நம் பக்கத்துக் கச்சத்தீவுப் பிரச்சினையோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியும். 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளை அட்சரேகை தீர்க்கரேகையோடு எழுதியது. 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீட்டியது. கோடு நியாயமா, மீனவர் உரிமை என்ன ஆயிற்று என்பதில்தான் தகராறு. கோடு எங்கே என்பதில் இல்லை, விசைப்படகின் ஜி.பி.எஸ். திரையிலேயே அதைப் போட்டுவிடலாம்.

அண்மையில் சீனாவும் இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தது. 2024 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் கடல் மண்டலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டே நாளில் ஸ்கார்பரோவைச் சுற்றி ஆயத்தொலைவுகளோடு அடிப்படைக் கோட்டைச் சீனா அறிவித்தது. பாறைக்கு 12 மைல் என்ற அளவில் இது 2016 தீர்ப்போடு முரண்படவும் இல்லை. பாறை யாருடையது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. 2025 செப்டம்பரில் அங்கே இயற்கைக் காப்பகம் என்ற அறிவிப்பும் வந்தது. ஸ்ப்ராட்லியில் இதேபோல் கோடு போட்டால் எந்த வகையில் போடுவார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். திட்டுத்திட்டாகப் போட்டால் ஒரு கதை. பாராசெல் பாணியில் கூட்டத்தையே வளைத்தால், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, தைவான் நான்கின் காவல்நிலைகளும் ஒரே கோட்டுக்குள் வந்துவிடும்.

ஆசியானும் சீனாவும் 2002 நவம்பரில் நோம்பென்னில் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. அதைக் கட்டுப்படுத்தும் நடத்தை விதியாக்கும் பேச்சு பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது. 2026க்குள் முடிப்பதாக இலக்கு வைத்தார்கள். இந்த விதி எந்தக் கடற்பரப்புக்குப் பொருந்தும் என்பதே இழுபறிகளில் முக்கியமானது. பாராசெல் உள்ளே வர வேண்டும் என்கிறது வியட்நாம். அங்கே பேச எதுவுமில்லை என்கிறது சீனா.